மார்கழித் தோட்டத்தில் பறவைகளைப் படமெடுத்தல்

வேலூர் வட்டாரத்தில் வீட்டுத் தோட்டத்துப் பறவைகளைப் படமெடுக்க ஏற்ற பருவம், வடகிழக்குப் பருவமழை தணியத் தொடங்கும் கார்த்திகைக் கடைசியிலிருந்து வெயில் மறுபடியும் ஏறத் தொடங்கும் மாசி வரையிலான காலம். சித்திரையிலும் வைகாசியிலும் காலை எட்டு மணிக்கே வெளியில் உட்கார முடியாது. பறவைகளும் அதற்குள் அடர்ந்த நிழலுக்குள் போய்விடும். குளிர்காலத்தில் காலை ஒன்பதரை, பத்து மணி வரை அமைதியாக அமர்ந்து படமெடுக்கலாம். இமயமலை அடிவாரத்திலிருந்தும் அதற்கும் வடக்கே உள்ள நாடுகளிலிருந்தும் வலசை வரும் பறவைகள் நம் மாமரத்திலும் முருங்கையிலும் தங்கியிருக்கும் மாதங்களும் இவையே.

பறவைப் படம் என்றால் நீளமான லென்ஸுடன் காவேரிப்பாக்கம் ஏரிக்கோ ஜவ்வாது மலைக்கோ போக வேண்டும் என்று பலர் நினைக்கிறார்கள். அங்கே போவது நல்லதுதான். ஆனால் ஏரியில் பறவை நமக்கு வெகு தொலைவில் நிற்கிறது. தோட்டத்திலோ நான்கு மீட்டர் தொலைவுக்குள் வருகிறது. பறவை வரும் இடம், நாம் அமரும் இடம், ஒளி வரும் திசை ஆகிய மூன்றையும் முன்கூட்டியே அமைத்துவிட்டு, பறவையைத் துரத்தாமல் காத்திருக்கக் கற்றுக்கொண்டால், சாதாரண 70-300 மி.மீ. லென்ஸே மிக நல்ல படங்களைத் தரும் என்பது என் உறுதியான கருத்து.

தெற்கே சாய்ந்த வெயில்

முதலில் செய்ய வேண்டியது, கேமராவைக் கையில் எடுக்காமல் தோட்டத்தில் வெயில் விழும் விதத்தை ஒரு நாள் முழுவதும் கவனிப்பது. வேலூர் ஏறத்தாழ 12.9 டிகிரி வட அகலாங்கில் இருப்பதால், சித்திரை மாதத்தில் நடுப்பகல் சூரியன் நம் தலைக்கு நேர் மேலே நிற்கும். டிசம்பர் இறுதியில் நிலைமை வேறு. அப்போது சூரியன் நேர்கிழக்கிலிருந்து சுமார் 24 டிகிரி தெற்கே தள்ளி உதித்து, உச்சியிலும் 54 டிகிரி உயரத்தைத் தாண்டாமல், நாள் முழுவதும் தெற்கு வானத்திலேயே சென்று தென்மேற்கில் மறைகிறது. அதாவது, மார்கழியில் காலையானாலும் மாலையானாலும் நிழல்கள் வடக்குப் பக்கமாகவே சாய்ந்திருக்கும்.

இதிலிருந்து ஒரு எளிய விதி கிடைக்கிறது. தோட்டத்தின் தெற்கு ஓரத்தில் நாம் அமர்ந்துகொண்டு, தண்ணீர்த் தட்டையும் பறவை வந்து உட்காரும் கிளையையும் வடக்குப் பக்கம் அமைத்தால், வெயில் நம் முதுகுக்குப் பின்னாலிருந்து பறவையின் மேல் விழும். காலையில் தென்கிழக்கு மூலைக்கும் மாலையில் தென்மேற்கு மூலைக்கும் நகர்ந்து அமர வேண்டும்.

தேன்சிட்டைப் படமெடுப்பவர்களுக்கு இந்த விதி மிகவும் முக்கியம். ஊதாத் தேன்சிட்டின் ஆண் பறவையிடம் நாம் காணும் நீல ஊதாப் பளபளப்பு சாயத்தால் வருவதன்று. இறகின் நுண்ணிய அமைப்பில் ஒளி பட்டுத் திரும்புவதால் தோன்றுவது. ஒளி முன்பக்கமிருந்து பட்டால் அந்த நிறம் முழுதாகத் தெரியும். பக்கவாட்டிலோ பின்னாலோ பட்டால் அதே பறவை வெறும் கறுப்பாகத் தெரியும். எவ்வளவு விலையுயர்ந்த கேமராவாலும் அந்தக் குறையைச் சரிசெய்ய முடியாது.

டிசம்பர், ஜனவரி மாதங்களில் இங்கே சூரியன் ஏறத்தாழ 6.20 முதல் 6.40 மணிக்குள் உதிக்கிறது. ஆனால் வேலூரைச் சுற்றிலும் குன்றுகள் இருப்பதால், அடிவாரத்தை ஒட்டிய வீடுகளில் நேரடி வெயில் விழுவதற்கு இன்னும் நேரமாகும். பாலாற்றை ஒட்டிய ஊர்களில் பனிமூட்டம் சில நாட்களில் எட்டு மணி வரை கலையாது. பனிமூட்டமான காலையை வீணென்று விட வேண்டியதில்லை. நிழலே இல்லாத அந்த மென்மையான ஒளியில் சின்னான், தவிட்டுக்குருவி போன்ற பழுப்பு நிறப் பறவைகளின் இறகுகள் ஒவ்வொன்றாகத் தெரியும். போகிப் பண்டிகைக் காலையை மட்டும் விட்டுவிடலாம். அன்றைய புகை படத்தையும் கெடுக்கும், மூச்சையும் கெடுக்கும்.

யார் யார் வருகிறார்கள்

எந்தப் பறவை எங்கே, எப்போது, எதற்காக வருகிறது என்று தெரிந்துவிட்டால் பாதி வேலை முடிந்துவிடும். ஆண்டு முழுவதும் இருக்கும் கொண்டைச் சின்னான், மைனா, செம்போத்து, தையல்சிட்டு, குண்டுகரிச்சான், மாம்பழச்சிட்டு, செம்மார்புக் குக்குறுவான் ஆகியவற்றோடு தொடங்குவதே சரி. தினமும் வருகிற பறவைகளிடம்தான் கையும் கண்ணும் பழகும். ஊதாத் தேன்சிட்டின் ஆண், மழைக்காலத்தில் பெண்ணைப் போன்ற மங்கலான உடலோடும் மார்பின் நடுவே ஒரு கறுப்புக் கோட்டோடும் திரிந்துவிட்டு, குளிர்காலத்தில் படிப்படியாக ஒளிரும் நிறத்துக்குத் திரும்பும். ஒரே செம்பருத்திச் செடியின் அருகில் வாரந்தோறும் எடுத்த படங்களை வரிசையாக அடுக்கிப் பார்த்தால் அந்த மாற்றம் முழுவதும் கண்ணுக்குத் தெரியும். இப்படியொரு தொடரைக் காட்டில் எடுப்பது மிகக் கடினம். வீட்டுத் தோட்டத்தில் எளிது.

வலசைப் பறவைகளில் முதலில் கவனத்துக்கு வருவது ஆறுமணிக்குருவி. ஐப்பசி வாக்கில் வந்து சேரும் இப்பறவை, விடியலிலும் அந்தியிலும் இரட்டைச் சீழ்க்கையாகக் குரல் கொடுக்கும். பகலில் மரத்தடிச் சருகுகளைப் புரட்டிப் பூச்சி தேடும். ஆகவே இதைப் படமெடுக்க விரும்புகிறவர், மாமரத்தடியிலும் வாழையடியிலும் விழும் சருகைக் கூட்டி எரிக்காமல் அப்படியே விட வேண்டும். தோட்டம் சுத்தமாக இல்லையே என்று வீட்டில் பெரியவர்கள் சொல்வார்கள். சருகு மண்ணுக்கும் உரம் என்று எடுத்துச் சொன்னால் பெரும்பாலும் ஒப்புக்கொள்வார்கள். இரவில் பயணம் செய்யும் இப்பறவை களைப்பினால் சில சமயம் வீட்டுக்குள்ளேயே வந்து விழுவதுண்டு. அந்த நேரத்தில் படமெடுக்கக் கூடாது. காற்றுத் துளைகள் உள்ள அட்டைப்பெட்டியில், இருட்டான அமைதியான இடத்தில் வைத்திருந்து, தெளிந்ததும் புதர் அருகே விட்டுவிட வேண்டும். காயம் இருந்தால் வனத்துறைக்குத் தெரிவிப்பதே முறை.

அரசவால் ஈபிடிப்பான் மரத்தின் நடு உயரத்தில், நிழலிலேயே நகரும். வளர்ந்த ஆணின் வெண்ணிறமும் நீண்ட வாலும் பார்த்தவுடன் மனத்தைக் கவரும் என்றாலும், நம் தோட்டங்களுக்கு வருவதில் செம்பழுப்பு நிறத்தவையும் பல. அவையும் அதே அளவு அழகானவை. பழுப்புக் கீச்சான் வேலிக்கம்பியிலோ பட்ட கிளையிலோ அமர்ந்து, குளிர்காலம் முழுவதும் தனக்கென ஓர் எல்லையைக் காத்துக்கொண்டிருக்கும். ஒருமுறை அமர்ந்த கிளைக்கு அது திரும்பத் திரும்ப வரும் என்பதால் படமெடுக்கத் தொடங்குபவர்களுக்கு மிகவும் உகந்த பறவை. பிளைத் நாணல் கதிர்க்குருவி இதற்கு நேர் எதிரானது. பத்துப் பன்னிரண்டு கிராம் எடையுள்ள இந்தச் சிறு பறவை செடிகளின் உட்புறத்திலேயே இருந்துகொண்டு ‘சக், சக்’ என்று ஒலியெழுப்பும். கறிவேப்பிலைச் செடியின் இலையிடுக்கில் ஒரு நொடி தலைகாட்டும். மாங்குயிலும் சாம்பல் கரிச்சானும் பெரிய மரங்கள் உள்ள தோட்டங்களுக்கு வரும். வாலாட்டிக்குருவிகள் வீட்டு முற்றத்திலும் மொட்டை மாடியில் தேங்கிய நீரிலும் நடைபோடும்.

தை, மாசியில் மாமரம் பூக்கும்போது பூவை நாடிப் பூச்சிகள் வரும். பூச்சிகளை நாடி ஈபிடிப்பான்களும் பஞ்சுருட்டான்களும் வரும். முருங்கைப் பூவுக்குத் தேன்சிட்டு வரும். கல்யாண முருங்கையோ இலவமரமோ தெருவில் இருந்து, அது இலையுதிர்த்துச் சிவந்து பூத்திருந்தால், சூறைக்குருவிக் கூட்டம் வந்திறங்கும் வாய்ப்பு உண்டு. கிளைகளில் இலையில்லாததால் பறவை மறைவின்றித் தெரியும் அந்தச் சில வாரங்களைத் தவறவிடக் கூடாது.

தண்ணீரும் கிளையும்

பறவையை வரவழைக்க உணவைவிடத் தண்ணீரே சிறந்தது. மழைக்குப் பிந்தைய மாதங்களில் ஊரெங்கும் தண்ணீர் இருப்பதால் கோடையில் வரும் அளவுக்குக் கூட்டம் வராது. ஆனால் தினமும் ஒரே நேரத்தில் குளிக்க வரும் பழக்கம் பல பறவைகளுக்கு உண்டு. அகலமான மண்தட்டில் மூன்று முதல் ஐந்து சென்டிமீட்டர் ஆழத்துக்கு மட்டும் நீர் ஊற்றி, நடுவே சொரசொரப்பான கல் ஒன்றை வைத்தால், தேன்சிட்டு போன்ற சிறியவையும் பயமின்றி இறங்கும். கொசு உற்பத்தியாகாமல் இருக்கவும், பறவைகளுக்குள் நோய் பரவாமல் இருக்கவும், தினமும் தட்டைத் தேய்த்துக் கழுவி நீரை மாற்ற வேண்டும். புதருக்கு மிக அருகில் வைத்தால் பூனை பதுங்கிப் பாயும். மிகத் திறந்த வெளியில் வைத்தால் வல்லூறுக்கு அஞ்சிப் பறவை இறங்காது. புதரிலிருந்து இரண்டு மீட்டர் தள்ளி, ஸ்டூல் உயரத்தில் வைப்பது இரண்டுக்கும் இடைப்பட்ட ஏற்பாடு.

பெரும்பாலான பறவைகள் நேராகத் தண்ணீரில் இறங்குவதில்லை. அருகில் ஏதாவதொன்றில் அமர்ந்து சுற்றுமுற்றும் பார்த்த பிறகே இறங்கும். அந்த இருக்கையை நாம் அமைத்துத் தர வேண்டும் என்பதே தோட்டப் படக்கலையின் மையமான நுட்பம். வேம்பு, புங்கம், முருங்கை ஆகியவற்றின் காய்ந்து விழுந்த கிளைகளில் விரல் பருமன் உள்ளதாக ஒன்றைத் தேர்ந்தெடுத்து, தட்டுக்கு இரண்டடி தள்ளி, மண் நிரப்பிய பூந்தொட்டியில் ஊன்றலாம். தடித்த கிளையில் அமர்ந்தால் பறவையின் காலும் அடிவயிறும் மறைந்துவிடும். கிளை நம் கேமராவுக்கு இணையாக, குறுக்கே அமைய வேண்டும்; நம்மை நோக்கி நீண்டிருந்தால் அதன் முனை மங்கலாகத் துருத்திக்கொண்டு நிற்கும்.

பின்னணிக்கும் இதே அளவு அக்கறை தேவை. கிளைக்குப் பின்னால் ஐந்தாறு மீட்டராவது வெற்றிடம் இருந்து, அதற்கப்பால் வாழையோ செடிகொடிகளோ இருந்தால் பின்னணி ஒரே பச்சையாகக் கரைந்துவிடும். சுண்ணாம்படித்த சுவர், துணி காயும் கொடி, நீலநிறத் தண்ணீர்த் தொட்டி ஆகியவை பின்னால் வந்தால் கிளையை மாற்றி வைக்கலாம். கொடியை இரண்டு மணி நேரத்துக்கு அவிழ்த்து வைப்பதும் பெரிய வேலையன்று.

உணவு வைப்பதானால் கொய்யா, பப்பாளித் துண்டுகள் போதும். உப்பிட்ட சோறு, ரொட்டி, வறுத்த பண்டங்கள் கூடாது. மார்கழி வாசலில் அரிசிமாவினால் கோலம் போடும் வழக்கம் உள்ள வீடுகளில் சிட்டுக்குருவியும் சில்லையும் கோலத்தைக் கொத்த வரும். பொங்கலுக்கு நெற்கதிர்க் கொத்தை முகப்பில் கட்டித் தொங்கவிடும் வீடுகளில் சிட்டுக்குருவி கதிரைப் பற்றித் தொங்கியபடி நெல்லைக் கொறிப்பதைப் படமாக்கலாம். நம் வீட்டு வழக்கமும் பறவையும் ஒரே சட்டத்துக்குள் வரும் படங்கள் எனக்கு மிகவும் பிடித்தமானவை. வெளியூர்க்காரர் எவரும் வந்து எடுத்துவிட முடியாத படங்கள் அவை.

அமரும் இடம்

பழைய பச்சை நிறப் போர்வை, நாற்றங்காலுக்குப் போடும் நிழல்வலை, இரண்டு மூங்கில் கழிகள் ஆகியவற்றைக் கொண்டு ஒரு மறைவிடம் கட்டிவிடலாம். அதைப் படமெடுக்கும் நாளுக்கு மூன்று, நான்கு நாட்கள் முன்பே கட்டிவிட்டால் பறவைகள் அதற்குப் பழகிக்கொள்ளும். ஜன்னலிலிருந்து எடுப்பது இன்னும் எளிது: அறை விளக்கை அணைத்து, கொசுவலைக் கதவைத் திறந்து, கம்பிகளுக்கு நடுவே லென்ஸை வைத்தால் போதும். கண்ணாடியின் ஊடாகவோ கொசுவலையின் ஊடாகவோ எடுத்தால் கூர்மை போய்விடும். முக்காலி இல்லாதவர்கள், கெட்டித் துணியில் பை தைத்து அதில் அரிசியோ மணலோ நிரப்பி, ஜன்னல் விளிம்பில் வைத்து அதன்மேல் லென்ஸைக் கிடத்தலாம்.

மொட்டை மாடியிலிருந்து கீழே நோக்கி எடுக்கும் படங்களில் பறவையின் முதுகுதான் தெரியும். பறவையின் கண்மட்டத்துக்கு நாம் இறங்க வேண்டும். தரையில் இரைதேடும் ஆறுமணிக்குருவிக்கும் கொண்டலாத்திக்கும் பாய் விரித்துக் குப்புறப் படுப்பதைத் தவிர வேறு வழியில்லை. மாடியை, தென்னை ஓலையிலும் மா உச்சியிலும் அமரும் பறவைகளுக்கென்று வைத்துக்கொள்ளலாம். ஆனால் பத்து மணிக்கு மேல் தளம் சூடேறிக் காற்று அலையத் தொடங்கும். அந்த அலைவு தூரத்துப் பறவையின் படத்தில் கூர்மையின்மையாகத் தெரியும். லென்ஸில் கோளாறு என்று எண்ணிக் கடைக்கு எடுத்துச் செல்வதற்கு முன், இதைச் சோதித்துக்கொள்ள வேண்டும்.

கேமராவின் அமைப்புகள்

300 மி.மீ. லென்ஸை ஏ.பி.எஸ்.சி. எனப்படும் நடுத்தர அளவுச் சென்சார் (படத்தைப் பதிவுசெய்யும் தகடு) கொண்ட கேமராவில் பொருத்தி நான்கு மீட்டர் தொலைவில் குறிவைத்தால், படச்சட்டத்தின் அகலம் சுமார் 31 சென்டிமீட்டர் பரப்பைக் காட்டும். பத்து சென்டிமீட்டர் நீளமுள்ள தேன்சிட்டு அதில் மூன்றிலொரு பங்கை நிரப்பும். வெட்டிச் சுருக்கத் தேவையே இல்லாத அளவு இது. ஆனால் அந்தத் தொலைவில், எஃப் 5.6 துளையில் (லென்ஸில் ஒளி நுழையும் திறப்பின் அளவு; எண் கூடினால் திறப்பு சுருங்கும்), கூர்மையாகத் தெரியும் ஆழம் சுமார் நான்கு சென்டிமீட்டர்தான். ஆகவே கண்ணில் ஃபோகஸ் விழாவிட்டால் படம் பயன்படாது. கண்ணைத் தானே கண்டறியும் வசதி கேமராவில் இருந்தால் அதையும், இல்லையென்றால் ஒற்றைப் புள்ளி ஃபோகஸையும் தொடர் ஃபோகஸ் முறையில் பயன்படுத்த வேண்டும். வெளிச்சம் போதுமானதாக இருந்தால் துளையை எஃப் 8 ஆக்கி ஆழத்தைச் சற்று கூட்டலாம்.

ஷட்டர் வேகத்தைப் பறவையின் செயலே தீர்மானிக்கும். அசையாமல் அமர்ந்திருக்கும் கீச்சானுக்கு நொடியில் 500இல் ஒரு பங்கு போதும். கிளைக்குக் கிளை தாவும் தையல்சிட்டுக்கு 1000இல் ஒரு பங்கு வேண்டும். நீர் தெறிக்கக் குளிக்கும் மைனாவுக்கும் பறந்து பூச்சி பிடிக்கும் கரிச்சானுக்கும் 2000இல் ஒரு பங்கோ அதற்கு மேலோ வேண்டும். ஆறுமணிக்குருவி நிழலில் அசையாமல் நிற்கும் நொடிகளில், நல்ல தாங்கலோடு 200இல் ஒரு பங்குக்கும் இறங்கலாம். ஒளிக்குக் கேமரா காட்டும் உணர்திறனான ஐஎஸ்ஓவைத் தானியங்கியில் விட்டு, உச்சவரம்பை 3200 அல்லது 6400 என்று வைக்கலாம். புள்ளி புள்ளியான இரைச்சலைப் பிறகு மென்பொருளில் குறைக்க முடியும். அசைவினால் கலைந்த படத்தை மீட்கவே முடியாது.

கரிச்சானையும் பஞ்சுருட்டானையும் எடுக்கும்போது, அவை பறக்கும் பாதையைத் தொடர முயல்வதைவிட, திரும்பி வரும் கிளையிலேயே ஃபோகஸை நிறுத்தி வைத்துக் காத்திருப்பது பலன் தரும். பூச்சியைப் பிடித்த பறவை பெரும்பாலும் புறப்பட்ட கிளைக்கே வரும். இறங்குவதற்குச் சற்று முன் இறக்கை முழுதாக விரியும். அந்தக் கணத்தில் தொடர்ச்சியாகப் பல படங்களை எடுக்கும் முறையில் பொத்தானை அழுத்த வேண்டும்.

வெளிச்ச அளவீட்டில் கேமரா ஏமாறும் மூன்று சூழல்கள் தோட்டத்தில் அடிக்கடி வரும். பனிமூட்டமான வெள்ளை வானத்தின் முன்னே பறவை அமர்ந்திருந்தால், அது கரும்நிழலாகப் பதியும். படத்தின் வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும் எக்ஸ்போஷர் காம்பன்சேஷனை ஒன்று முதல் ஒன்றரை நிறுத்தம் (ஒரு நிறுத்தம் என்பது ஒளி இரு மடங்காவது) வரை கூட்ட வேண்டும். இருண்ட இலைகளின் முன்னே வெண்ணிற அரசவால் ஈபிடிப்பான் வந்தால், இறகு விவரமின்றி வெளுத்துப்போகும். அரை முதல் ஒரு நிறுத்தம் வரை குறைக்க வேண்டும். காகமும் கரிச்சானும் சட்டத்தை நிறைத்து அமர்ந்தால் கேமரா கறுப்பைச் சாம்பலாக்கிவிடும்; அப்போதும் சிறிது குறைக்க வேண்டும். சுருக்கப்படாத மூலப் பதிவான ரா கோப்பாக எடுத்தால் இவற்றைத் திருத்த இடம் இருக்கும்.

அலைபேசி மட்டுமே உள்ளவர்கள், அதைத் தண்ணீர்த் தட்டுக்கு ஓரடி தள்ளிச் செங்கற்களுக்கு இடையே நிறுத்தி, காணொளியை ஓடவிட்டு உள்ளே போய்விடலாம். கூச்சமில்லாத மைனாவும் சின்னானும் இதில் மிக நன்றாகப் பதியும்.

செய்யக் கூடாதவை

தையல்சிட்டும் தேன்சிட்டும் ஆண்டின் பல மாதங்களில் கூடு கட்டும். குளிர்காலத்திலும் செடிகளில் கூடு கண்ணில் படலாம். கூட்டைப் படமெடுக்க இலையை விலக்குவதும் கிளையை ஒடிப்பதும் காகத்துக்கும் பாம்புக்கும் வழிகாட்டுவதாகும். கூட்டருகே போகாமலிருப்பதே நல்லது. அலைபேசியில் பறவைக் குரலை ஒலிக்கவிட்டு வரவழைக்கும் பழக்கமும் பரவியிருக்கிறது. எல்லையைக் காக்கும் பறவை, போட்டியாளன் வந்துவிட்டதாக எண்ணி, இரைதேடும் நேரத்தை வீணாக்கி அலையும். ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் பறந்து வந்த உயிரை நம் படத்துக்காக இப்படி அலைக்கழிப்பதை நான் ஏற்க மாட்டேன். இரவில் புள்ளி ஆந்தையின் முகத்தில் ஃபிளாஷ் அடிப்பதும் கூடாது. பிடித்த கிளியையோ சில்லையையோ கூண்டிலிருந்து எடுத்துக் கிளையில் வைத்துப் படமெடுப்பது, காட்டுயிர்ப் பாதுகாப்புச் சட்டம், 1972இன்படி குற்றத்துக்குத் துணைபோவதாகும்.

பறவை இரைதேடுவதை நிறுத்தி நம்மையே உற்றுப் பார்த்தால், நாம் மிக அருகில் இருக்கிறோம் என்று பொருள். கழுத்தை நீட்டி, உடலைச் சுருக்கி, எச்சமிட்டால் அடுத்த நொடி பறந்துவிடும். இந்த அறிகுறிகளைக் கண்டதும் கேமராவைத் தாழ்த்தி அசையாமல் இருப்பது இருவருக்கும் நல்லது.

எடுத்த பிறகு

மழைக்கால ஈரம் லென்ஸுக்குள் பூஞ்சையை வளர்க்கும். மூடி இறுகப் பொருந்தும் பிளாஸ்டிக் டப்பாவில் சிலிக்கா ஜெல் பொட்டலங்களோடு கேமராவை வைத்து, வாரம் ஒருமுறையாவது வெளியில் எடுத்துப் பயன்படுத்த வேண்டும். குளிரூட்டிய அறையிலிருந்து நேராக ஈரக் காற்றுக்குள் கொண்டுவந்தால் கண்ணாடியில் நீர் படியும் என்பதால், பையிலேயே வைத்துச் சிறிது நேரம் பொறுத்துத் திறக்கலாம்.

நிறத்தை மிகையாகக் கூட்டாமல், ஒவ்வொரு படத்துக்கும் நாள், நேரம், மரத்தின் பெயர் ஆகியவற்றைக் குறித்து வைப்பது நல்ல பழக்கம். கதிர்க்குருவிகளை அடையாளம் காண ஒரே ஒரு அழகிய படம் போதாது. பக்கவாட்டுத் தோற்றம், புருவக்கோடு, அலகின் அடிப்பகுதி, வால் ஆகியவை தெரியும்படி பல படங்களை, மங்கலானவற்றையும் அழிக்காமல், வைத்திருக்க வேண்டும். பொங்கல் விடுமுறையில் தமிழ்நாடெங்கும் நடக்கும் பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பில், வீட்டுத் தோட்டத்தில் பதினைந்து நிமிடமாவது அமர்ந்து, கண்ட பறவைகளை எண்ணி, பறவைப் பதிவுகளுக்கான இ-பேர்டு இணையதளத்தில் பட்டியலாக ஏற்றலாம். படத்தையும் அதோடு இணைத்தால், அடையாளம் சரிதானா என்று அனுபவமுள்ளவர்கள் பார்த்துச் சொல்வார்கள். அதே தோட்டத்தின் பட்டியலைப் பங்குனி வரை வாரந்தோறும் ஏற்றிவந்தால், கீச்சானும் ஈபிடிப்பானும் எந்த வாரத்தில் நம் ஊரைவிட்டுக் கிளம்புகின்றன என்பதும் படத்தோடு பதிவாகிவிடும்.